செம்பூர் இல்லத்து வாசலில் உட்கார்ந்த ஞாயிற்றுக்கிழமைகள்

1

போன வாரம் என் கணவரின் சித்தப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். கண்ணில் புரை எடுக்க வேண்டும். பம்பாயில் நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். தாராவியில் எங்கள் மளிகைக் கடைக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறைதான் எங்கள் வீடு. அதில் அவருக்கும் ஒரு பாய் விரித்தோம்.

என் மகன் செல்வத்துக்குப் பதினெட்டு வயது. ஒர்க்‌ஷாப்பில் வேலை. அன்று வேலை முடிந்து வந்தவன், தாத்தா எழுந்திருக்கப் பார்ப்பதைக் கண்டு, "பைட்டோ, பைட்டோ" என்று சொல்லிவிட்டான். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு "உக்காருங்க தாத்தா" என்றான். சித்தப்பா அப்போது சிரித்தார். சாப்பிட உட்கார்ந்ததும் சிரிப்பு போய்விட்டது. பிள்ளை கைவிட்டுப் போய்விட்டான் என்றார். தமிழ்ப் பத்திரிகையைக் கொடுத்தால் எழுத்துக் கூட்டுகிறான், பேச்சில் பாதி இந்தி, தலைமுடி காதுவரை தொங்குகிறது என்று அடுக்கினார். பிறகு என் கணவரிடம் கேட்டார்:

"செம்பூர்ல நம்ம ஆளுக ஒரு இல்லம் நடத்துனாவளாமே. பிள்ளைகளத் திருத்தி அனுப்புவாவன்னு ஊர்ல பேசிக்கிட்டாவ. இப்ப அது இல்லையோ?"

என் கணவர் தட்டைப் பார்த்தார். சோறு போட்டுக்கொண்டிருந்த நான்தான் பதில் சொன்னேன்.

"இருந்துச்சு, சின்ன மாமா. நாங்கதான் மூட வச்சோம்."

நான் கேலி பேசுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். ஊரில் இன்னும் பலர் அந்த இல்லத்தை நல்ல இடம் என்றே நம்பிக்கொண்டிருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஆகவே எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பிழை இருந்தால் அச்சுப்போடுகிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும். நடந்ததை மட்டும் திருத்த வேண்டாம்.

2

இங்கே வந்த புதிதில் ரேஷன் கார்டு எழுதப் போனோம். பெயர், அப்பா பெயர் கேட்டுவிட்டு, கடைசியில் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார் குமாஸ்தா. எங்களுக்கு ஏது அப்படி ஒன்று? என் கணவர் கொஞ்சம் யோசித்துவிட்டு ஊர்ப் பெயரைச் சொன்னார். அன்றிலிருந்து திருநெல்வேலிச் சீமையில் உள்ள ஒரு குக்கிராமம் எங்கள் எல்லோருக்கும் குடும்பப் பெயர் ஆகிவிட்டது. செல்வத்தை அவன் கூட்டாளிகள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அந்த ஊர் எப்படி இருக்கும் என்று அவனைக் கேட்டால் தெரியாது. இரண்டு தரம் போயிருக்கிறான், இரண்டு தரமும் அம்மையோ காய்ச்சலோ வந்து படுத்துவிட்டான்.

சின்ன வயதில் எங்கள் கடைப் பலகையில் 'மளிகை' என்று எழுதியிருந்ததை 'மல்லிகை' என்று வாசித்து, எங்க அம்மா பூ விற்கிறாள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறான். நாங்கள் சிரித்தோம். வயது ஏற ஏற என் கணவருக்குச் சிரிப்பு வரவில்லை. பையன் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு மாஹிம் கடற்கரையில் சுற்றுகிறான் என்று ஒருவர் வந்து சொன்னார். சினிமாக் கொட்டகை வரிசையில் பார்த்தேன் என்றார் இன்னொருவர். அப்பாவும் மகனும் ஒரே அறையில் இருந்துகொண்டு வாரக்கணக்கில் பேசாமல் இருந்தார்கள்.

பம்பாயில் இருக்கிற நம் ஆட்களுக்குப் பயம் என்றால் அது இந்தப் பயம்தான். பட்டினி கிடக்கவும் பயமில்லை, கூட்டத்தில் நசுங்கவும் பயமில்லை. பிள்ளை நம்மைப்போல் இல்லாமல் போய்விடுவானோ என்றுதான். அந்தப் பயத்தை மூலதனமாக வைத்துத்தான் செம்பூரில் ஒருவர் இல்லம் திறந்தார்.

3

செம்பூரைத் தாண்டி, கோவண்டிக்குப் போகும் பக்கத்தில் ஒரு பழைய பங்களா. சுற்றிலும் உயரமான காம்பவுண்டுச் சுவர். பலகையில் நீளமான தூய தமிழ்ப் பெயர். நாங்கள் 'இல்லம்' என்றே சொல்வோம். நடத்தியவரை எல்லோரும் நிர்வாகி ஐயா என்பார்கள். கதர்ச் சட்டை, மெல்லிய குரல். தான் செய்வது தண்டனை இல்லை, சிகிச்சை என்பார். பெரிய நகரத்தில் பிள்ளைகளுக்குப் பிடிக்கிற நோய்க்கு ஒரு வருஷச் சிகிச்சை. மாட்டுங்காவில் ஆபீஸ் உத்தியோகக்காரர்களும் தாராவியில் கடைக்காரர்களும் ஒரே மேடையில் உட்கார்ந்து அவருக்கு மாலை போட்டார்கள். என் கணவரும் அந்தக் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து, செல்வத்தைச் சேர்க்கலாமா என்று கேட்டார். நான் பார்க்கலாம் என்றேன். அதற்குள் எங்கள் சந்தில் இருக்கும் பேச்சியம்மாளின் மகன் மாடசாமி போய்ச் சேர்ந்தான்.

பேச்சி தோல் அடுக்கி வைக்கும் கிட்டங்கியில் வேலை பார்க்கிறவள். புருஷன் இறந்துவிட்டான். மாடசாமிக்குப் பதினைந்து வயது. பீடி குடித்தான், பாட்டுப் பாடினான், ஊர் சுற்றினான். அதற்கு மேல் அவன் ஒரு தப்பும் செய்யவில்லை. என் கணவர்தான் பேச்சிக்கு யோசனை சொல்லி, கூடவே போய்ச் சேர்த்துவிட்டு வந்தார். நல்லெண்ணத்தோடுதான் செய்தார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

மூன்று மாதம் பார்க்கக்கூடாது என்று விதி. மூன்று மாதம் கழித்துப் போய்விட்டு வந்த பேச்சி, தன் வீட்டுக்குப் போகாமல் நேரே கடைக்கு வந்து, அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"நல்லா இருக்கியாலன்னு கேட்டேன் மதினி. 'நலமாக இருக்கிறேன் தாயே'ங்கான். எம்புள்ள என்னைய ஏம்மான்னுதான் கூப்பிடுவான், கோவம் வந்தா பேச்சின்னுவான். தாயேன்னு அவன் வாயில வந்ததே இல்ல. உள்ள என்னமோ பண்ணுதாவ."

நல்ல தமிழ்தானே பேசியிருக்கிறான் என்றார் என் கணவர். பேச்சி அவரைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த தடவை நான் கூட வருகிறேன் என்றேன்.

4

மாடசாமிக்கு அத்தை என்று சொல்லிக்கொண்டு பேச்சியோடு உள்ளே போனேன். தலையை மழித்து, வெள்ளைச் சட்டை போட்டு மாடசாமியை எதிரே உட்கார வைத்தார்கள். அவனுக்குப் பின்னால் மேற்பார்வைக்காரர் நின்றார். ஊரிலிருந்து புதிதாக வந்தவர் அவர், இந்தி தெரியாது. சாப்பிடுகிறாயா என்று பேச்சி கேட்டாள். வேளை தவறாமல் உண்கிறேன் என்றான். நான் கொண்டுபோன கடலை மிட்டாயை நீட்டினேன். அவன் கை மடியை விட்டு எழும்பவில்லை. கண் மட்டும் பின்னால் நிற்கிறவரைத் தேடியது.

எனக்கு இந்தி கடையில் வந்ததுதான். வெங்காயம் வாங்க வருகிற பெண்களிடம் கற்ற இந்தி. இலக்கணம் கிடையாது, வேகம் உண்டு. முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டு, சாப்பாட்டு விஷயம் கேட்கிற குரலில் கேட்டேன்:

"ஸச் போல் ரே. மார்த்தே ஹை க்யா?"

நிஜத்தைச் சொல், அடிக்கிறார்களா என்று.

அவன் முகம் மாறவில்லை. அதே முகத்தோடு, தெருவில் கோலி விளையாடும்போது பேசுகிற இந்தியில் கொட்டிவிட்டான். மொட்டை மாடியில் வெயிலில் ஜல்லிக் கல்லின்மேல் முட்டி போட வைக்கிறார்கள். கரி போடும் அறையில் பூட்டுகிறார்கள். இந்தி பேசினால் வாயில் துணியை அடைத்துக் கட்டுகிறார்கள். அழுதால் சாப்பாடு கிடையாது. மாட்டுங்காப் பையன் கணேசனை அடித்ததில் அவனால் பாயைவிட்டு எழுந்திருக்க முடியவில்லை.

பேச்சிக்கு அந்த இந்தி முழுக்கப் புரியும். அவள் என் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டாள். பையன் என்ன சொல்கிறான் என்று மேற்பார்வைக்காரர் கேட்டார். சாப்பாடு நன்றாக இருக்கிறதாம் என்றேன்.

வெளியே வந்ததும் நிர்வாகி ஐயாவிடம் பிள்ளையைக் கூட்டிப்போகிறோம் என்றோம். அவர் கோபப்படவே இல்லை. ஒரு வருஷத்துக்குச் சம்மதித்து பேச்சி கைநாட்டு வைத்திருக்கிறாள் என்றார். சிகிச்சையைப் பாதியில் நிறுத்தினால் நோய் இரட்டிப்பாகும் என்றார். பெற்ற பாசம்தான் இந்த நோய்க்கே காரணம் என்றும் சொன்னார். காவலாளி எங்களை வெளியே விட்டுக் கேட்டைச் சாத்தினான்.

5

போலீஸ் ஸ்டேஷனில் ஒரு மராத்திக்கார சப்-இன்ஸ்பெக்டர். மரியாதையாகத்தான் பேசினார். பெற்றவர்களே எழுதிக் கொடுத்துச் சேர்த்திருக்கிறீர்கள், இதில் போலீஸ் என்ன செய்யும், பம்பாய்க் கோட்டைப் பகுதியில் இதற்கென்று ஓர் ஆபீஸ் இருக்கிறது, போங்கள் என்றார். கோட்டை ஆபீசில் மனு இங்கிலீஷில் வேண்டும் என்றார்கள்.

இங்கிலீஷுக்கு எங்கே போவது? கணேசன் வீட்டில் இங்கிலீஷ் படித்தவர்கள் இருப்பார்கள் என்று, அதைத் தேடி மாட்டுங்காவுக்குப் போனோம். அவன் அப்பா கதவைத் திறந்து, முழுக்கக் கேட்டுவிட்டு, இவ்வளவு நல்ல இடத்தைப் பற்றி இப்படிப் பேசலாமா என்று கதவைச் சாத்திவிட்டார். நாங்கள் மாடிப்படியில் பாதி இறங்கியிருப்போம். ஒரு பெண் செருப்புப் போடாமல் ஓடிவந்தாள். கணேசனின் சித்தி லலிதா. கம்பெனியில் டைப்பிஸ்ட். பாலக்காட்டுக்காரர்கள்.

"நில்லுங்கோ. அன்னிக்குப் பார்க்கப் போனப்போ அவன் என் கையை விடவே இல்லை. நேக்கு அப்பவே சந்தேகம். நான் டைப் பண்ணித் தரேன்."

டைப் செய்தாள். ஆபீசில் மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிவிட்டுச் செய்தாள். உன் பெயரைப் போடாதே என்று வீட்டில் சொன்னார்களாம். முதல் கையெழுத்தே அவளுடையது. மனுவை எடுத்துக்கொண்டு போனால் செம்பூர் எங்கள் எல்லையில் சேராது என்று வேறு ஆபீசுக்கு அனுப்பினார்கள். அங்கே சாகிப் லீவு என்றார்கள். அடுத்த தடவை, போன தடவை கொடுத்த மனுவே இல்லை என்றார்கள். ஒவ்வொரு தடவையும் பேச்சிக்கு ஒருநாள் வேலை போயிற்று.

கடைசியாக நம் தமிழ்ப் பெரியவர்களிடம் போனோம். அது 'மதராசியே திரும்பிப் போ' என்று ஊர்ச் சுவரெல்லாம் எழுதியிருந்த வருஷம். செல்வத்தைக் கடைக்கு வெளியே தமிழில் கூப்பிடவே நான் யோசித்த காலம். பெரியவர்கள் அதையே காரணமாகச் சொன்னார்கள். இந்த நேரத்தில் நம் வீட்டு அசிங்கத்தை நாமே தெருவில் போடலாமா, அவர்களுக்கு நாமே கல் எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகாதா என்று. அதோடு ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கிட்டங்கிக்காரி பிள்ளைக்காக வியாபாரக் குடும்பத்துப் பெண் ஏன் அலைய வேண்டும் என்றும் கேட்டார்.

அதுவரை நான் பெரியவர்கள் முன்னால் குரல் உயர்த்தினவள் இல்லை.

"செவத்துல எழுதுதவன் இன்னும் நம்ம பிள்ளைக மேல கை வைக்கல ஐயா. கை வச்சது நம்ம ஆளு" என்றேன்.

அதற்குமேல் அங்கே எங்களுக்கு வேலை இல்லை.

6

இல்லத்துக்கு உதவுகிற பணக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைதான் வந்து பார்ப்பார்கள். ஆகவே நாங்களும் ஞாயிற்றுக்கிழமை போனோம். சயானில் ரயிலேறி, குர்லாவில் மாறி, செம்பூரில் இறங்கி நடந்தோம். பேச்சி, லலிதா, நான், பிள்ளைகளை உள்ளே விட்டிருந்த வேறு சில தாய்மார். கேட்டுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தோம். செல்வம் அட்டைகளில் எழுதிக் கொடுத்திருந்தான். 'பிள்ளைகளை அடிக்காதே' என்பது இந்தியிலும் மராத்தியிலும் கச்சிதமாக வந்திருந்தது. தமிழில் ஒற்றுப் பிழை.

நிர்வாகி ஐயா வெளியே வந்து அந்த அட்டையைப் படித்தார். காரில் வந்திருந்த பெரிய மனிதர்களின் காதில் விழும்படி, தாய்மொழியைக்கூடத் தப்பாக எழுதுகிறவர்கள், இவர்கள் பிள்ளைகளுக்கு ஏன் சிகிச்சை தேவை என்பது இப்போது புரிகிறதா என்றார். அவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. ஆனால் அந்த அட்டையை நான் கீழே வைக்கவில்லை. வெயில் சாயும்வரை தலைக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தால் என் கணவர் முகம் கொடுக்கவில்லை. சந்தையில் தலைகாட்ட முடியவில்லை என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அடுத்த ஞாயிறு, எதிரே சால் என்கிற ஒற்றை அறை வரிசைக் கட்டடத்தில் குடியிருக்கும் மராத்திப் பெண்கள் கதவோரம் நின்று எங்களையே பார்த்தார்கள். சண்டைக்கு வரப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். சுவரில் எழுதுகிற காலம் அல்லவா? அவர்களில் வயதானவள் சாந்தாபாய் ஒரு குடம் தண்ணீரோடு சாலையைக் கடந்து வந்தாள். கேட்டைக் காட்டினாள்.

"ஹம் பி சுனா. ரோஜ் ரோத்தா ஹை பச்சா லோக்."

தினமும் பிள்ளைகள் அழுவது அவர்களுக்கும் கேட்டிருக்கிறது. யாரிடம் சொல்வதென்று தெரியாமல் இருந்திருக்கிறார்கள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு, சேலையை ஒதுக்கிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். மதராசிப் பெண்கள் கலாட்டா செய்கிறார்கள் என்று இல்லத்திலிருந்து புகார் போய் ஒரு போலீஸ்காரர் வந்தபோது, நான் மதராசியா, பார்த்துச் சொல் என்று சாந்தாபாய் அவரைக் கேட்டாள். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

அதற்கு அடுத்த ஞாயிறு எங்கள் கூட்டம் சாலையை அடைத்துவிட்டது. மத்தியான வேளை. திடீரென்று மேலேயிருந்து சத்தம். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேலே மொட்டைத் தலைகள். எப்படித் தப்பி மேலே வந்தார்களோ, பையன்கள் வரிசையாக நின்று அவரவர் பெயரையும் தெருவையும் கத்திச் சொன்னார்கள். மாடசாமி, தாராவி. இன்னொருவன் சுனாபட்டி. இன்னொருவன் கோவண்டி. கணேசன் குரல் வரவில்லை. லலிதா தலையைத் தூக்கித் தேடிக்கொண்டே இருந்தாள். மேற்பார்வைக்காரர் ஓடிவந்து ஒருவன் கழுத்தைப் பிடித்து இழுப்பதைச் சாலையில் இருந்த எல்லோரும் பார்த்தோம்.

பேச்சி எழுந்தாள். யாரையும் பார்க்கவில்லை, நேரே கேட்டுக்குப் போனாள். காவலாளி தடுத்தான். ஸ்டேஷனில் நாங்கள் பார்த்த அதே சப்-இன்ஸ்பெக்டர்தான் அன்று ஜீப்போடு வந்து நின்றிருந்தார். பேச்சி அவரிடம் தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னாள்:

"சாப், தும் போலா நா, மா பாப் டாலா, போலீஸ் க்யா கரேகா? மய் மா ஹை. மய் டாலா. அபி மய் நிகால்தா."

பெற்றவர்கள் போட்டதில் போலீஸ் என்ன செய்யும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள், பெற்றவள் நான், நான்தான் போட்டேன், நான்தான் எடுக்கிறேன் என்று. அவர் கேட்டு வரை நடந்து போனார். பிறகு காவலாளியிடம் கேட்டைத் திற என்றார்.

அவள் உள்ளே போய் மாடசாமியின் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். பின்னாலேயே மற்றத் தாய்மார்கள் ஓடினார்கள். லலிதா கணேசனை ஒரு காவலாளியின் உதவியோடு தூக்கிக்கொண்டு வந்தாள். அவன் அப்பாவுக்குத் தெரியாமல், அவர் சம்மதம் இல்லாமல் தூக்கி வந்தாள். அன்று உள்ளே நிற்க வேண்டி வந்த பையன்களும் உண்டு, அவர்களைத் தேடி யாரும் வரவில்லை. கேட்டு மூடும்போது அவர்கள் முற்றத்தில் நின்றதை நான் பார்த்தேன்.

7

இல்லம் உடனே மூடவில்லை. நாங்கள் விடாமல் போய் உட்கார்ந்தோம். உதவி செய்தவர்களின் கார் வருவது ஒவ்வொன்றாக நின்றது. மழைக்காலம் முடிவதற்குள் பலகையைக் கழற்றினார்கள். யார்மேலும் வழக்கு இல்லை. நிர்வாகி ஐயாவுக்கு வழியனுப்பு விழா நடத்தி, பொன்னாடையும் போர்த்தினார்கள். அந்த மேடையில் அவர் எங்களைப் பற்றி வருத்தத்தோடு பேசினாராம். பேசட்டும்.

மாடசாமியைக் கூட்டி வந்த அன்று எங்கள் கடை வாசலில் உட்கார வைத்தோம். என் கணவர் தராசை வைத்துவிட்டு வெளியே வந்தார். பையனின் முட்டியைப் பார்த்தார். கல் குத்திப் புண்ணாகி, ஆறி, அதன்மேல் மறுபடி புண்ணான முட்டி. அவர்தானே கூட்டிப்போய் விட்டவர். தேங்காயெண்ணெய் எடுத்து வந்து, தரையில் உட்கார்ந்து, தானே தடவிவிட்டார். பிறகு செல்வத்தைச் சேர்க்கும் பேச்சை அவர் எடுத்ததில்லை.

மாடசாமி இப்போது பெயிண்டர் ஒருவரிடம் வேலை பார்க்கிறான். நல்ல பிள்ளை. ஆனால் ஒரு சொல் தமிழ் பேசமாட்டான். அம்மா தமிழில் கேட்டால் இந்தியில் பதில் சொல்வான். தமிழில் பேசச் சொல்லி நான் ஒருநாள் வற்புறுத்தியபோது அவன் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். விட்டுவிட்டேன். பிள்ளைகளைத் தமிழாக்க என்று திறந்த இடம் ஒரு பிள்ளையிடமிருந்து தமிழை இப்படிப் பிடுங்கிவிட்டது. ஊரில் இருந்துகொண்டு பம்பாய்ப் பிள்ளைகள் மொழியை மறந்துவிட்டார்கள் என்று வருத்தப்படுகிறவர்கள் இதையும் சேர்த்து வருத்தப்பட வேண்டும்.

என் மகன் காதுவரை முடி வளர்க்கிறான். பேச்சில் மூன்று மொழி கலக்கிறான். நான் அவனை ஏசுகிறேன், அவன் எதிர்த்துப் பேசுகிறான். அவன் எதிர்த்துப் பேசுகிற வீடாக என் வீடு இருக்கட்டும்.

8

கல்யாண் ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் இதேபோல் ஓர் இல்லம் திறந்திருக்கிறார்கள் என்று லலிதா போன வியாழக்கிழமை வந்து சொன்னாள். இது தமிழர்களுடையது இல்லை, வேறு யாரோ நடத்துகிறார்கள். பெண் பிள்ளைகளையும் சேர்க்கிறார்களாம். மூன்று மாதம் பார்க்கக்கூடாது என்று அங்கேயும் விதி.

சாந்தாபாய்க்குச் சொல்லி அனுப்பினோம். வருகிறேன் என்றாள். பேச்சி கிட்டங்கியில் லீவு சொல்லிவிட்டாள். வருகிற ஞாயிறு போவதாக முடிவு. ஞாயிறுதான் எங்கள் கடையில் கூட்டம் அதிகம். ஆகவே என் கணவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். அவர் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே சொன்னார்:

"கல்யாணுக்கு நானும் வாரேன். ஒரு நா கடை பூட்டிக் கெடந்தா ஒண்ணும் கொறஞ்சு போவாது."